தப்பு கையில இல்ல, கரண்ட்டுல: அலுமினியமும் பல்ஸ் வெல்டிங்கும்

எங்க மாமா ஒரு வெல்டிங் பட்டறை வெச்சிருந்தார். கேட், கிரில், டேங்க் ஸ்டாண்டு, எது வந்தாலும் செய்வார். மெல்லிய அலுமினியத் தகடு வந்தா மட்டும், "நமக்கு அது வராதுப்பா"னு திருப்பி அனுப்பிடுவார். தன் கையிலதான் குறைன்னு கடைசிவரைக்கும் நம்பினார். இன்னிக்கு எபிசோடு அவருக்காக.

முதல்ல அலுமினியத்தோட குணம். அது 660 டிகிரி செல்சியஸில் உருகிடும். ஆனா அதன் மேல் படிஞ்சிருக்கும் ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல வேணும். வெப்பத்தை இரும்பைவிட நல்லா கடத்தும். இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்கையும் தராது. பார்த்துட்டே இருக்கும்போது ஓட்டை விழுந்துடும்.

1940-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் நார்த்ராப் விமான நிறுவனத்தில் ரசல் மெரிடித், ஹீலியம் வாயு சூழ டங்ஸ்டன் முனையால் பற்றவைக்கும் முறையை உருவாக்கினார். அவர் குறி மக்னீசியம். அலுமினியத்துக்கும் அது வழி திறந்தது. 1948-ல் கம்பியே உருகி இறங்கும் மிக் முறை வந்தது. வேகம் கூடியது, கூடவே ஒரு சிக்கலும் வந்தது.

கரண்ட் குறைவா இருந்தா, கம்பி நுனியில் உலோகம் பெரிய சொட்டா தொங்கி, தெறிச்சு விழும். ஒரு எல்லையைத் தாண்டினாதான் சின்னத் துளிகளா சீரா இறங்கும். 1.2 மில்லிமீட்டர் அலுமினியக் கம்பிக்கு அந்த எல்லை சுமார் 135 ஆம்பியர். அந்தச் சூட்டைத் தொடர்ந்து கொடுத்தா மெல்லிய தகடு தாங்காது. குறைச்சாலும் தப்பு, கூட்டினாலும் தப்பு.

இந்த முடிச்சை 1960-களில் பிரிட்டிஷ் வெல்டிங் ஆராய்ச்சிச் சங்கம் அவிழ்த்தது. கேம்பிரிட்ஜ் பக்கத்துல அபிங்டனில் நீடமும் அவர் கூட்டாளிகளும் கேட்ட கேள்வி எளிமையானது: கரண்ட் ஏன் ஒரே அளவில் இருக்கணும்? ஆர்க் அணையாத அளவுக்குக் கொஞ்சம் ஓடட்டும். நடுநடுவே, கண் இமைக்கிறதுக்குள்ள, ஓங்கி ஒரு துடிப்பு. அந்தத் துடிப்பில் ஒரு துளி பிரிஞ்சு இறங்கிடும். சராசரி கரண்ட் எல்லைக்குக் கீழேயே நிற்கும். தகடும் தப்பிக்கும்.

ஆனா ஆரம்பகால மெஷின்கள் மின்சார சப்ளையின் தாளத்துக்குத்தான் ஆடின: நொடிக்கு 50 துடிப்பு, இல்லன்னா 100. இடையில எதுவும் கிடையாது. கம்பியின் வேகத்தோட அதைப் பொருத்துறது பெரும்பாடு. டிரான்சிஸ்டர் மெஷின்கள் வந்த பிறகுதான் வேண்டிய தாளத்தை வைக்க முடிஞ்சது. அடுத்து வந்தது சினர்ஜிக் முறை. கம்பி வேகத்தை மாத்தினா, துடிப்பை மெஷினே சரிபண்ணிக்கும்.

அதுக்காக வெல்டர் தேவையில்லன்னு ஆயிடல. ஆக்சைடைத் தேய்ச்சு எடுக்கணும், எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கணும். இல்லன்னா உள்ளே ஹைட்ரஜன் சிக்கி, வெல்டு முழுக்கப் பொடிப்பொடி ஓட்டையா இருக்கும். டார்ச்சைப் பிடிக்கிற கோணமும் நகர்த்துற வேகமும் இன்னிக்கும் கையோட வேலைதான்.

மாமாகிட்ட இருந்தது துடிக்கத் தெரியாத மெஷின். கை நல்ல கைதான். இதை அவர்கிட்ட சொல்ல முடியாமப் போச்சு. உங்க வீட்டுலயும் "எனக்கு வராது"னு ஒரு வேலையை ஒதுக்கி வெச்சவங்க இருந்தா, அவங்க கையில என்ன கருவி இருந்ததுன்னு ஒருதடவை கேளுங்க.