முலூஸ்: தொழிலாளர் காவலில் புகாட்டிகள்

பிரான்சின் அல்சாஸ் வட்டாரத்தில் முலூஸ் நகரத்துக் கார் அருங்காட்சியகம் ஒரு பழைய கம்பளி நூற்பாலைக்குள் இருக்கிறது. அங்குள்ள கார்களைச் சேர்த்தவர்கள் ஹான்ஸ், ஃபிரிட்ஸ் ஷ்லும்ப் என்னும் ஆலை முதலாளிகள். 1930களிலிருந்து ஆலைமேல் ஆலையாக வாங்கி வளர்ந்த சகோதரர்கள் இவர்கள்.

கார் மோகம் தம்பி ஃபிரிட்ஸுக்கே அதிகம். அதிலும், அதே அல்சாஸின் மோல்சைம் ஊரில் உருவான புகாட்டி என்றால் விலை பார்க்கமாட்டார். 1947இல் நிறுவனர் எட்டோரே புகாட்டி மறைந்தபின் அந்த நிறுவனம் நொடித்தது. 1960களில் ஃபிரிட்ஸ் உலகெங்கும் புகாட்டி உரிமையாளர்களுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஜான் ஷேக்ஸ்பியர் என்பவரிடம் இருந்த 30 கார்களை மொத்தமாக வாங்கினார். ரயிலிலும் கப்பலிலும் அவை பிரான்சு வந்தன. மன்னர்களுக்கென்று வடிவமைத்து ஆறே ஆறு செய்யப்பட்ட ‘ரோயால்’ வகையில் இரண்டு அவர் கைக்கு வந்தன. 12.7 லிட்டர் எஞ்சின் கொண்ட அந்தப் பெருங்கார், 1930களின் பொருளாதார மந்தத்தில் விலைபோகாமல் நின்றது.

முலூஸ் ஆலைக்குள் கார்களைப் பழுதுபார்க்கத் தனிப் பட்டறையே நடந்தது. பாரிஸ் பாலமொன்றின் விளக்குகளைப் போலச் செய்த நூற்றுக்கணக்கான விளக்குத் தூண்கள் கூடத்தில் நின்றன. ஆனால் ஊர்மக்களுக்குக் கதவு திறக்கவில்லை.

1970களில் துணித்தொழில் சரிந்தது. ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம் என்று நெருக்கடி முற்ற, 1976இல் சகோதரர்கள் சுவிட்சர்லாந்துக்குச் சென்றுவிட்டனர். 1977 மார்ச் 7 அன்று முலூஸ் ஆலைக்குள் புகுந்த தொழிலாளர்கள் கண்டது 400க்கும் மேற்பட்ட கார்களை. தங்கள் வேலை பறிபோனபோது ஆலைப் பணம் எங்கே போயிற்று என்பது அப்போதுதான் அவர்களுக்கு விளங்கியது. அந்தக் கோபம் நியாயமானது. ஆயினும் சேகரிப்பைச் சிதறவிடாமல், இடத்தைத் தங்கள் பிடியில் வைத்துக்கொண்டு பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இரண்டாண்டு நீடித்த இந்த முற்றுகையை அருங்காட்சியகத்தின் உண்மையான தொடக்கம் எனலாம்.

1978இல் பிரெஞ்சு அரசு முழுத் தொகுப்பையும் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. அதனால் கார்களைப் பிரித்து வெளிநாட்டுக்கு விற்க வழியில்லாமல் போயிற்று. 1981இல் நகராட்சி உள்ளிட்ட பல அமைப்புகள் சேர்ந்து 44 மில்லியன் பிராங்குக்கு அதை வாங்கின. சந்தை மதிப்போடு பார்த்தால் இது மிகக் குறைந்த தொகை. 1982 ஜூலையில் தேசிய அருங்காட்சியகமாகத் திறப்புவிழா நடந்தது. சகோதரர்கள் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்தபடி வழக்காடினர். நீதிமன்றத் தீர்ப்பின்படி ஷ்லும்ப் பெயரும் பின்னர் அருங்காட்சியகத்தின் பெயரோடு சேர்க்கப்பட்டது.