கோர்வலோல்: ரஷ்யாவிலிருந்து வரும் 'இதயச் சொட்டு'... பதற்றத்துக்குக் குடிக்கலாமா?

மருத்துவம் படிக்க ரஷ்யாவுக்கோ உக்ரைனுக்கோ போய் வந்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்தச் சின்ன பாட்டிலை நீங்கள் பார்த்திருக்கலாம். மூடியைத் திறந்தால் புதினா வாசனையும், கூடவே மூலிகை போன்ற ஒரு காட்டமான நெடியும் வரும். 'அங்க எல்லார் வீட்டுலயும் இது இருக்கும்மா. படபடப்பா இருந்தா கொஞ்சம் தண்ணியில சொட்டு விட்டு குடிச்சா போதும். மெடிக்கல்ல சீட்டுகூட கேக்க மாட்டாங்க' என்ற அறிமுகமும் சேர்ந்தே வந்திருக்கும்.

பரீட்சை பயம், வேலை டென்ஷன், ராத்திரி தூக்கம் வராத தவிப்பு என்று ஏதோ ஒன்றில் இருக்கும்போது, 'சொட்டு மருந்துதானே, குடிச்சுப் பார்ப்போமே' என்று யாருக்கும் தோன்றும். குடிப்பதற்கு முன் அந்த பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவோம்.

அது என்ன கோர்வலோல்?

ரஷ்யா, உக்ரைன் மற்றும் பழைய சோவியத் நாடுகளில் தலைமுறைகளாகப் புழங்கும் மருந்து இது. ஜெர்மனியின் வாலோகார்டின் என்ற சொட்டு மருந்தைப் போலவே சோவியத் காலத்தில் தயாரிக்கப்பட்டது. நெஞ்சு படபடப்பு, பதற்றம், எரிச்சல், தூக்கமின்மை என்று எல்லாவற்றுக்கும் வீட்டுப் பெரியவர்கள் கை நீட்டும் முதல் பாட்டில். நம் வீடுகளில் ஓம வாட்டருக்கு இருக்கும் இடம் அங்கே இதற்கு. தண்ணீரில் கலந்தோ, சர்க்கரைக் கட்டியில் சொட்டு விட்டோ சாப்பிடுவார்கள். 'இந்த நெடி வந்தாலே பாட்டி வீடு ஞாபகம் வருது' என்று சொல்லும் அளவுக்கு அவர்கள் வாழ்க்கையோடு கலந்தது.

இதற்கு 'இதய மருந்து' என்ற பெயர் ஒட்டிக்கொண்டதை அந்தக் காலத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சோவியத் காலத்தில் மனநல மருத்துவரிடம் போனால் பெயர் பதிவேட்டில் ஏறிவிடும். வேலைக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் அது இடைஞ்சலாகலாம். 'மனசு சரியில்லை' என்பதைவிட 'நெஞ்சு படபடங்குது' என்பது பாதுகாப்பான வார்த்தை. நமக்கும் இது புதிதில்லையே! நம் வீடுகளிலும் பயம் என்று யாரும் சொல்வதில்லை. 'நெஞ்சு அடைக்குது', 'கேஸ் ட்ரபிள்' என்றுதானே சொல்கிறோம்?

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது?

வழக்கமான கோர்வலோலில் நான்கு சரக்குகள் முக்கியமானவை.

ஒன்று, புதினா எண்ணெய். வாசனைக்கும் தொண்டையில் படும் குளுமைக்கும் இதுதான் காரணம்.

இரண்டு, புரோமின் கலந்த ஒரு வேதிப்பொருள். எத்தில் புரோமோஐசோவாலரேட் என்பது இதன் பெயர். லேசாக அமைதிப்படுத்தும். அந்த மூலிகை நெடி இதிலிருந்துதான் வருகிறது.

மூன்று, ஆல்கஹால். சொட்டு மருந்தில் ஏறக்குறைய பாதி இதுதான்.

நான்காவதுதான் கவனிக்க வேண்டியது: ஃபீனோபார்பிட்டால். 1912-ல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த, பார்பிச்சுரேட் வகை தூக்க மருந்து. உங்கள் உறவில் யாருக்காவது வலிப்பு நோய் இருந்தால் இந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். இன்றும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில், வலிப்பு நோய்க்கான மருந்தாக இது இருக்கிறது. நம் ஊரில் மருத்துவர் சீட்டு இல்லாமல் இதை விற்கக் கூடாது.

கணக்கு போட்டுப் பார்ப்போம். கோர்வலோல் சொட்டு மருந்தின் 1 மில்லியில் சுமார் 18 மில்லிகிராம் ஃபீனோபார்பிட்டால் இருக்கிறது. 30 சொட்டு என்றால் சுமார் 20 மில்லிகிராம். ஒரு நாளைக்கு மூன்று வேளை குடித்தால் சுமார் 60 மில்லிகிராம். வலிப்பு நோயாளிக்குத் தரும் 30 மில்லிகிராம் மாத்திரை இரண்டு போட்டதற்குச் சமம். 'சும்மா சொட்டுதானே' என்று இனி சொல்ல முடியுமா?

குடித்தால் என்ன ஆகும்?

படபடப்பு குறையும், அதை மறைக்க வேண்டியதில்லை. நம் மூளையில் நரம்புகளின் வேகத்தைக் குறைக்கும் 'காபா' என்ற ரசாயனம் இருக்கிறது. வண்டிக்கு பிரேக் மாதிரி. ஃபீனோபார்பிட்டால் அந்த பிரேக்கை இன்னும் அழுத்திப் பிடிக்கிறது. அதனால் உடம்பு தளரும், கண் சொக்கும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். இந்த மருந்து உடம்பை விட்டு அவ்வளவு சீக்கிரம் போகாது. பெரியவர்களின் உடலில் இதன் அளவு பாதியாகக் குறையவே இரண்டிலிருந்து ஐந்து நாள் ஆகும். திங்கட்கிழமை குடித்தது முழுசாக வெளியேறுவதற்குள் செவ்வாய், புதன், வியாழன் சொட்டுகள் அதன்மேல் சேர்ந்துகொண்டே போகும். பகலில் மந்தம், நடையில் தள்ளாட்டம், மறதி என்று தெரிய ஆரம்பிக்கும்போது, 'வயசாயிடுச்சு, அதான்' என்று வீட்டில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

மாதக்கணக்கில் தொடர்ந்தால் உடம்பு இதற்குப் பழகிவிடும். பழைய அளவு போதாது, கூட்டத் தோன்றும். திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், தூக்கமின்மை, முன்பைவிட மோசமான பதற்றம், சிலருக்கு வலிப்பே வரலாம். நீண்ட காலம் அதிகமாகக் குடித்தால் புரோமினும் உடம்பில் சேர்ந்து, குழப்பத்தையும் தோல் தடிப்பையும் உண்டாக்கலாம்.

'சீட்டு இல்லாம கிடைக்குதே... அப்ப பயமில்லைதானே?'

நம்மில் பலர் சறுக்கும் இடம் இது. ஒரு மருந்து ஒரு நாட்டில் சீட்டு இல்லாமல் கிடைக்கிறது என்றால், அந்த நாட்டின் சட்டமும் பழக்கமும் அப்படி இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். பாதுகாப்பானது என்பதற்கான சான்றிதழ் அல்ல.

20-ம் நூற்றாண்டின் முதல் பாதியில் பார்பிச்சுரேட்டுகள்தான் உலகம் முழுக்க பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரப்பட்டன. அவற்றில் குணப்படுத்தும் அளவுக்கும் மூச்சை அடக்கும் அளவுக்கும் இடைவெளி குறைவு. 1960-களில் வேறு மருந்துகள் வந்ததும், மருத்துவர்கள் பதற்றத்துக்கு இவற்றைத் தருவதைப் படிப்படியாகக் கைவிட்டார்கள். உலகம் ஒதுக்கி வைத்த ஒன்று, கூட்டுக் கலவையாக இருந்ததால் சில நாடுகளின் மருந்துக் கடை அலமாரியில் அப்படியே தங்கிவிட்டது.

ஒரே பெயர், வேற சரக்கு!

இன்னொரு குழப்பமும் உண்டு. 'கோர்வலோல் ஃபைட்டோ' என்று ஒன்று ரஷ்யாவில் விற்கிறது. அதில் ஃபீனோபார்பிட்டாலுக்குப் பதில் ஒரு மூலிகைச் சாறு இருக்கிறது. வாலோகார்டின் என்ற பெயரில் ரஷ்யாவில் கிடைப்பதில் ஃபீனோபார்பிட்டால் உண்டு. ஜெர்மனியில் அதே பெயரோடு 'டாக்ஸிலமின்' சேர்த்து விற்கும் சொட்டு மருந்தில் இருப்பது, அலர்ஜி மருந்து வகையைச் சேர்ந்த வேறொரு தூக்க மருந்து.

அதனால் முன்பக்கப் பெயரை நம்பாதீர்கள். பின்பக்கம் திருப்பி, உள்ளடக்கம் என்ன என்று பாருங்கள். ரஷ்ய எழுத்து தெரியாதா? செல்போன் மொழிபெயர்ப்பு செயலியின் கேமராவைக் காட்டினால் போதும். ரஷ்ய எழுத்தில் ஃபீனோபார்பிட்டாலின் முதல் எழுத்து, வட்டத்தின் நடுவே செங்குத்தாக ஒரு கோடு போட்டது போல இருக்கும். அந்த எழுத்தில் தொடங்கும் நீண்ட பெயர் தென்பட்டால் உஷாராகிவிடுங்கள்.

யார் தொடவே கூடாது?

* கர்ப்பிணிகள், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள், பாலூட்டும் தாய்மார்கள். ஃபீனோபார்பிட்டால் கருவைப் பாதிக்கக் கூடியது.
* கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள். கல்லீரல் அந்த மாத்திரையை வேகமாகக் கரைத்துவிடும்; மாத்திரை பலன் தராமல் போகலாம்.
* ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள். அதன் வேலையையும் இது குறைக்கும்.
* தூக்க மாத்திரை, மனநல மருந்து, வலிப்பு மருந்து எடுப்பவர்கள்.
* கல்லீரல், சிறுநீரகம், மூச்சுப் பிரச்னை உள்ளவர்கள், போர்ஃபைரியா என்ற அரிய நோய் உள்ளவர்கள்.
* குழந்தைகள்.

மதுவோடு சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பு. குடித்த பிறகு பைக்கோ காரோ எடுக்கவே கூடாது.

நெஞ்சுவலிக்கு இது மருந்தே இல்லை

'இதய மருந்து' என்ற பெயர் செய்யும் பெரிய தீங்கு இதுதான். இந்தச் சொட்டு இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்காது. மாரடைப்பு வந்த ஒருவருக்கு இதைக் கொடுத்தால் பதற்றம் மட்டும் அடங்கும். 'இப்ப பரவாயில்ல, காலையில பார்த்துக்கலாம்' என்று படுத்துவிடுவார். உயிரைக் காப்பாற்ற வேண்டிய நேரம் அதிலேயே போய்விடும். நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் எந்தச் சொட்டையும் தேடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

பெட்டியில் வைத்து எடுத்து வரலாமா?

ஃபீனோபார்பிட்டால், 1971-ம் ஆண்டின் ஐ.நா. மனமயக்கப் பொருள்கள் உடன்படிக்கையில் உள்ள மருந்து. இந்தியாவில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலிலும் இருக்கிறது. ரஷ்யாவில் சாதாரணமாக வாங்கிய பாட்டில், வழியில் இறங்கி விமானம் மாறும் நாட்டில் உங்களைக் கேள்விக்கு நிறுத்தலாம். ஊரில் இருப்பவர்களுக்கு அன்பாக ஏதாவது வாங்கி வர வேண்டுமென்றால் சாக்லேட் வாங்கி வாருங்கள். மருந்து வேண்டாம்.

ஏற்கெனவே குடித்துக்கொண்டு இருக்கிறீர்களா?

எப்போதோ ஒருமுறை குடித்திருந்தால் பயப்பட வேண்டாம். அன்று மதுவும் வண்டியும் வேண்டாம், அவ்வளவுதான். அதிக மயக்கம், பேச்சில் குழறல், மூச்சு மந்தம் இருந்தால் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

வாரக்கணக்கில் தினமும் குடிக்கிறீர்கள் என்றால் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு இன்றே நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் பாட்டிலைக் காட்டி, எத்தனை சொட்டு, எத்தனை நாள் என்று உண்மையைச் சொல்லுங்கள். அவர் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்த உதவுவார். வீட்டுப் பெரியவர்கள் குடித்தால், பாட்டிலைப் பிடுங்கி ஒளித்து வைப்பதும் தவறு.

அப்ப பதற்றத்துக்கு என்னதான் வழி?

பரீட்சைக்கோ நேர்காணலுக்கோ முன் வந்துபோகும் படபடப்புக்கு மருந்தே தேவைப்படாமல் போகலாம். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுவது, காபியைக் குறைப்பது, தூங்கும் நேரத்தை ஒழுங்குபடுத்துவது, தினமும் நடப்பது ஆகியவை கைகொடுக்கும்.

வாரக்கணக்கில் தொடர்ந்தால், வேலையையும் தூக்கத்தையும் கெடுத்தால், மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி. தைராய்டு அதிகமாகச் சுரப்பது, ரத்தசோகை, இதயத் துடிப்புக் கோளாறு ஆகியவையும் பதற்றம் போலவே தெரியும். சாதாரண பரிசோதனைகளில் கண்டுபிடித்துவிடலாம். பதற்ற நோய்தான் என்றால், சிந்தனையையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை நன்றாகப் பலன் தருகிறது. தேவைப்பட்டால் பார்பிச்சுரேட்டுகளைவிடப் பாதுகாப்பான மாத்திரைகளும் இருக்கின்றன.

நேரில் போகத் தயக்கமா? மத்திய அரசின் 'டெலி மனஸ்' உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். 'நெஞ்சு படபடங்குது' என்று ஆரம்பித்தால்கூடப் போதும். மீதியை அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.