சீனாவின் ஊமை ஆங்கிலம்



கலாசாரப் புரட்சியால் 1966இல் நின்றுபோன சீனப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான 'காவ்காவ்', 1977 டிசம்பரில்தான் மீண்டும் நடைபெற்றது. தொடக்கத்தில் அத்தேர்வில் ஆங்கிலத்திற்குப் பெரிய இடமில்லை. பின்னர் அயல்மொழிப் புள்ளிகளைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, 1983இல் முழுமையாகக் கணக்கிட்டனர். 1985இல் குவாங்டோங் மாநிலம் சரியான விடையைத் தெரிவுசெய்யும் புதிய ஆங்கிலத் தாளைச் சோதித்துப் பார்த்தது.

எனினும் அனைத்தும் கண்ணுக்கான தேர்வே, செவிக்கு வேலையில்லை. விளைவை ஆசிரியர்களாகிய நாம் எளிதில் ஊகிக்கலாம். இலக்கணமும் சொற்பட்டியலும் வகுப்பறையை நிறைத்தன. கடினமான பத்தியை வாசித்து விடையளிக்கும் மாணவன், ஆங்கிலம் பேசுபவர் எதிரே வாயடைத்து நின்றான். சீனர்களே இதனை 'ஊமை ஆங்கிலம்' என்றனர். நான் அம்மாணவனைக் குறைகூற மாட்டேன். கேட்காத மொழியை எவ்வாறு பேசுவான்?

1999இல் குவாங்டோங் கேட்டல் பகுதியைச் சேர்த்தது. பின்னர் தேசியத் தாளில் 150 புள்ளிகளுள் 30 அதற்கென ஒதுக்கப்பட்டன, 20 கேள்விகள். முதல் ஐந்து உரையாடல்கள் ஒருமுறை மட்டுமே ஒலிக்கும், மற்றவை இருமுறை. அந்நேரத்தில் தேர்வு மையங்களின் அருகே வாகனங்கள் ஒலியெழுப்பத் தடையுண்டு!

ஆயினும் சில மாநிலங்கள் கேட்டல் புள்ளிகளைப் பல ஆண்டுகள் மொத்தத்தில் சேர்க்கவில்லை. நகரப் பிள்ளைக்குக் கிடைத்த ஒலிக்கருவியும் பயிற்சியும் மலையோரக் கிராமத்துப் பிள்ளைக்குக் கிட்டவில்லை. சேர்த்தால் கிராமத்துப் பிள்ளைக்கு அநீதி. விட்டால் அவன் வகுப்பில் கேட்டல் பாடமே நடக்காது.