ஒரு பாட்டுக்கு ஒரு ஊசி

பழைய கிராமபோன் ஊசி டப்பாவை நீங்கள் எங்காவது பார்த்திருக்கலாம். உள்ளங்கைக்குள் அடங்கும் தகர டப்பா. மூடியில், குழலுக்கு முன்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் அந்த நாய். உள்ளே 200 எஃகு ஊசிகள். பழம்பொருள் கடைகளில் இப்போது டப்பாவுக்குத்தான் மதிப்பு, ஊசியை யாரும் கேட்பதில்லை. ஆனால் ஒரு காலத்தில் அந்த ஊசிகளோடு ஒரு கட்டளையும் சேர்ந்து வந்தது: ஒவ்வோர் ஊசியையும் ஒரே ஒரு முறைதான் பயன்படுத்த வேண்டும். தட்டின் ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் கழற்றி எறிந்துவிட வேண்டும். மூன்று நிமிடப் பாட்டுக்கு ஓர் ஊசி.

இசைத்தட்டு வரலாற்றை நாம் பெரும்பாலும் பாடகர்களின் கதையாக, கம்பெனிகளின் கதையாகத்தான் வாசிக்கிறோம். 1902இல் பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். 1908இல் அதே ஊரில் சியால்தாவில் தட்டு அச்சடிக்கும் ஆலை வந்தது. பிறகு சென்னை, சங்கீதம், நாடகப் பாட்டு, பேசும்படம் என்று அந்தக் கதை போகும். நான் எழுத நினைப்பது ஊசியின் கதையை. எந்தக் குரல் நம் காது வரைக்கும் வந்து சேர்ந்தது என்பதில் அதற்கும் ஒரு பங்கு இருக்கிறது. பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில், கெட்டுப்போய்த் திரும்பி வரும் பாகங்களைப் பிரித்துப் பார்த்து ஏன் கெட்டது என்று அறிக்கை எழுதுவது என் வேலை. எதைப் பார்த்தாலும் முதலில் எங்கே தேய்ந்திருக்கிறது என்று தேடுவது பழக்கமாகிவிட்டது.

78 சுற்றுத் தட்டு அரக்கால் ஆனது என்று சொல்வோம். புரசு போன்ற மரங்களில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின்தான் அரக்கு. உலகம் முழுக்கப் போன தட்டுகளுக்கு அது இந்தியாவிலிருந்துதான் பெரும்பாலும் போனது. ஆனால் தட்டில் அரக்கு கொஞ்சம்தான். பெரும்பகுதி கல்தூள். தட்டு உறுதியாக நிற்க அது தேவை. இன்னொரு காரணமும் உண்டு. புதிய ஊசியின் முனையை முதல் சில சுற்றுகளிலேயே அரைத்து, தடத்தின் வடிவத்துக்குக் கொண்டுவருவது அந்தக் கல்தூள்தான். அதாவது, ஊசியைத் தேய்ப்பதற்கென்றே தட்டு செய்யப்பட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கம் சுமார் 3 நிமிடம். நிமிடத்துக்கு 78 சுற்று என்றால் மொத்தம் 234 சுற்று. சராசரிச் சுற்றளவு அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் ஊசி கடக்கும் தூரம் 117 மீட்டர். ஒரு கால்பந்துத் திடலை விட நீளம். அத்தனை தூரமும் 100 கிராமுக்கு மேற்பட்ட எடை ஓர் ஊசிமுனையில் உட்கார்ந்திருக்கும். இன்றைய டர்ன்டேபிள்களில் எல்.பி.க்கான ஊசி 2 கிராம் அளவில்தான் அழுத்துகிறது. பாட்டு முடியும்போது எஃகு முனையின் இரண்டு பக்கமும் தட்டையாகி, விளிம்புகள் உளி மாதிரி ஆகிவிடும். அதே ஊசியை மறுபடியும் வைத்தால் அது தடத்தைப் படிக்காது, செதுக்கும்.

பொறியியல் கண்ணால் பார்த்தால் இது நல்ல ஏற்பாடு. விலை குறைந்த பாகம் தேயட்டும், விலை உயர்ந்த பாகம் பிழைக்கட்டும். ஆனால் கேட்பவர் கண்டிப்பாக ஊசியை மாற்றுவார் என்ற நம்பிக்கையில்தான் அந்த ஏற்பாடே நிற்கிறது. தினம் ஐந்து தட்டு, இரண்டு பக்கமும் கேட்டால் 200 ஊசி 20 நாளில் தீர்ந்துவிடும். பெட்டி வாங்குவது ஒருநாள் செலவு, ஊசி வாங்குவது தீராத செலவு. அக்கறையும் வசதியும் இருந்தவர்கள் மூங்கில் ஊசி, முள் ஊசி என்று தட்டை அவ்வளவாகக் கீறாதவற்றை வாங்கி, முனையைச் சீவிச் சீவிப் பயன்படுத்தினார்கள். மற்றவர்கள்? பாட்டு கேட்கிற வரைக்கும் அதே ஊசிதான்.

இதை மலாயாவில் வைத்து யோசித்துப் பாருங்கள். தட்டும் ஊசியும் கடல் தாண்டி வந்தவை. நாகப்பட்டினத்திலிருந்து ஆட்களை ஏற்றி வந்த ‘ரஜுலா’ மாதிரியான கப்பல்கள் நின்றுபோன துறைமுகம் இது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கைப் பிடித்தார்கள், 1945 செப்டம்பர் வரை இருந்தார்கள். அந்த நான்கு வருடம் தமிழகத்தோடு இருந்த கடல்வழி அடைபட்டுக் கிடந்தது. கையில் இருந்த தட்டை, கையில் இருந்த ஊசியால்தான் கேட்டிருக்க முடியும்.

இதெல்லாம் எனக்குப் படிப்பாக இருந்தது. பொருளாகக் கையில் வந்தது லோரோங் கூலிட் காலைச் சந்தையில். ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில், பழைய மின்விசிறி, நாணயம், கைக்கடிகாரம் எல்லாம் தரையில் பரப்பியிருக்கும் இடம். ஒருவரிடம் மலாய், தமிழ், சீனம் என்று கலந்து அடுக்கிய தட்டுகள் இருந்தன. நடுவில் ஒன்று எஸ்.ஜி. கிட்டப்பா பாடியது.

“இது ஓடாது தம்பி. செவத்துல மாட்டத்தான் வாங்கிட்டுப் போறாங்க.”

“பரவால்ல அங்கிள், எவ்வளவு?”

“பத்து வெள்ளி குடு.”

வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். ஒரு பக்கம் கறுப்பாகப் பளபளத்தது. இன்னொரு பக்கம் சாம்பல் நிறம். தடத்தின் சுவர் உரிந்து உள்ளே இருக்கும் கல்தூள் தெரிந்தால் இப்படித்தான் வெளிறிப்போகும். யாரோ அந்த ஒரு பக்கத்தையே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள்.

செங்கோட்டையில் 1906இல் பிறந்த கிட்டப்பா 1933 டிசம்பரில் இறந்தார். வயது 27. என்னைவிட ஒரு வயது குறைவு. மைக் இல்லாத மேடையில், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கும்படி உச்ச ஸ்தாயியில் பாடியவர். கே.பி. சுந்தராம்பாளும் அவரும் சந்தித்தது கொழும்பு மேடையில். முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ 1931இல் வந்துவிட்டது, ஆனால் இவர் படம் எதிலும் நடிக்கவில்லை. அந்தக் குரல் நமக்குக் கிடைப்பது இந்த மாதிரித் தட்டுகளின் வழியாகத்தான். அவர் பாடிய தியாகராஜரின் ‘எவரனி’ கீர்த்தனையை நான் முதலில் கேட்டது போனில். யாரோ சேகரித்து, சுத்தம் செய்து இணையத்தில் ஏற்றியது. குரல் தெளிவாக இருந்தது. இந்தச் சாம்பல் பக்கம் எப்படி ஒலிக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது.

அதற்கு வேறு ஊசி வேண்டும். 1948இல் எல்.பி. வந்தபோது தடம் மெலிந்துவிட்டது. எல்.பி. ஊசிமுனையின் ஆரம் சுமார் 18 மைக்ரான், 78க்கு அதைப் போல மூன்று நான்கு மடங்கு வேண்டும். எல்.பி. ஊசியை 78இல் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் கிடந்து குப்பையைத்தான் படிக்கும். உள்ளூர்க் கடை ஒன்றில் 180 ரிங்கிட் கொடுத்து 78 ஊசி வாங்கினேன். முதல் தட்டிலேயே கரகரப்பு. மைக்ரோஸ்கோப் வைத்துப் பார்த்தால், வைரமுனை அதன் தண்டில் கோணலாக ஒட்டப்பட்டிருந்தது. கடைக்குப் படம் அனுப்பினேன். வந்த பதில்: ஊசி தேய்மானப் பொருள், அதற்கு உத்தரவாதம் கிடையாது.

அந்தப் பதிலில் எண்பது வருடத்துக்கு முந்தைய டப்பாவின் குரல் கேட்டது. தேய்கிற பொருளா, அப்படியானால் உன் பாடு. ஆனால் தேய்ந்துபோனது வேறு, கோணலாகப் பிறந்தது வேறு. இந்த வித்தியாசத்தை ஒரு சட்டம் சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருக்கிற இயக்கம் என் ஊரிலிருந்து கிளம்பியது.

பினாங்கு பயனீட்டாளர் சங்கம் 1969இல் தொடங்கியது. தமிழ் முஸ்லிம் வணிகரான எஸ்.எம். முகமது இத்ரிஸ், 2019இல் இறக்கும்வரை பல பத்தாண்டுகள் அதற்குத் தலைமை தாங்கினார். பொருள் வாங்கி ஏமாந்த சாதாரண ஆள் நேரே வந்து புகார் சொல்லக்கூடிய இடமாக அது இருந்தது. சங்கத்தில் முன்னணியில் இருந்த அன்வர் பஸால் பிறகு உலகப் பயனீட்டாளர் அமைப்புக்குத் தலைவரானார். மார்ச் 15ஐ உலகப் பயனீட்டாளர் உரிமை நாளாகக் கொண்டாடலாம் என்பது அவர் யோசனை. 1983இல் அது முதன்முதலாக அனுசரிக்கப்பட்டது. மலேசியாவின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999இல் வந்தது. விற்கும் பொருள் குறையில்லாமல் இருக்க வேண்டும், நியாயமான காலத்துக்கு உழைக்கவும் வேண்டும் என்கிறது அது. கடைக்காரர் மறுத்தால் 5 ரிங்கிட் கட்டி நடுவர் மன்றத்துக்குப் போகலாம்.

நான் அங்கே போக வேண்டியிருக்கவில்லை. மைக்ரோஸ்கோப் படம், ரசீது, சட்டப் பிரிவு மூன்றையும் வைத்து ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். மூன்று வாரத்தில் வேறு ஊசி வந்தது. முனை நேராக இருந்தது. அவ்வளவுதான். ஆனால் கிராமபோன் காலத்தில் இந்தக் கடிதத்தை யாருக்கு எழுதியிருக்க முடியும்? ஊசி கெட்டதாக இருந்தாலும் நஷ்டம் கேட்பவருக்கு, தட்டு பாழானாலும் கேட்பவருக்குத்தான்.

முதலில் கறுப்புப் பக்கத்தைப் போட்டேன். நன்றாகவே பாடியது. பிறகு சாம்பல் பக்கம். மழை பெய்கிற தகரக் கூரைக்குக் கீழே யாரோ பாடுவது போல இருந்தது. கீழ் ஸ்தாயியில் போகும்போது வார்த்தை புரிகிறது. குரல் மேலே ஏற ஏற உடைகிறது. உச்சியில் நிற்கிற இடத்தில் குரல் இல்லை, சீறல் மட்டும்தான். காரணம் சிக்கலானது இல்லை. குரல் உயர்ந்து ஓங்கும்போது தடம் நெருக்கமாக வளையும். கனமான, தேய்ந்த ஊசியால் அந்த வளைவுகளில் திரும்ப முடியாமல் சுவரை இடித்துச் செதுக்கும். முதலில் அழிவது அந்த இடங்கள்தான். கிட்டப்பா எதற்காகப் பேர் வாங்கினாரோ, அந்தத் தட்டின் சொந்தக்காரர் எதற்காகத் திரும்பத் திரும்ப ஊசியை எடுத்து வைத்தாரோ, அதுவேதான் தட்டில் இல்லை.

இப்போது இணையத்தில் கிடைக்கும் பழைய பாட்டுகளைப் பற்றி யோசிக்கிறேன். சேகரிப்பவர்கள் தேடுவது நல்ல நிலையில் இருக்கும் தட்டை. அது நியாயம். அவர்கள் இல்லையென்றால் எனக்குக் கிட்டப்பாவே கிடைத்திருக்க மாட்டார். ஆனால் நல்ல நிலையில் எந்தத் தட்டு இருக்கும்? ஊசியை மாற்ற வசதி இருந்த வீட்டுத் தட்டு. அல்லது அதிகம் ஓடாத தட்டு. ஒரே பாட்டுக்கு ஊர் முழுக்கக் கூடி உட்கார்ந்த இடங்களின் தட்டுகள் வெளிறி, உடைந்து, குப்பைக்குப் போயிருக்கும். ஒரு பாட்டு பிழைத்திருக்கிறது என்பதை வைத்து அந்தக் காலத்து மக்கள் அதைத்தான் ரசித்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. சில சமயம் உண்மை நேர்மாறாகக்கூட இருக்கலாம். தமிழர்கள் 1930களில் என்ன கேட்டார்கள் என்று எழுதுகிறவர்கள், கிடைத்த தட்டுகளின் பட்டியலோடு அவற்றின் தேய்மானத்தையும் குறித்து வைக்கலாம். எந்தப் பக்கம் வெளிறியிருக்கிறது என்பதும் ஒரு ஆவணம்.

இன்றைக்கு நம் காதில் இருக்கும் வயர்லெஸ் இயர்போன் பாட்டைத் தேய்ப்பதில்லை. ஆனால் அதன் பேட்டரி சில வருடத்தில் தளர்ந்துவிடும், பெரும்பாலானவற்றைத் திறந்து மாற்றவும் முடியாது. ஊசியாவது தனியாகக் கழன்றது. கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2027 பிப்ரவரியில் நடைமுறைக்கு வரும்படி எழுதப்பட்டிருக்கிறது. தேய்மானத்தின் செலவு யாருடையது என்ற பழைய வழக்கு இன்னும் முடியவில்லை.

சாம்பல் பக்கத்தைக் கணினியில் பதிவு செய்தபோது, சீறலை அகற்றித் தரும் மென்பொருள் ஒன்றை நண்பன் அனுப்பினான். ஓட்டிப் பார்த்தேன், கொஞ்சம் சுத்தமானது. இரண்டு கோப்பையும் வைத்திருக்கிறேன். சுத்தமானதில் இருப்பது கிட்டப்பா மட்டும். மற்றதில், பேர் தெரியாத யாரோ ஒருவர் ஒரு வீட்டில் உட்கார்ந்து, பாட்டு முடிய முடிய ஊசியைத் தூக்கி மறுபடியும் ஆரம்பத்தில் வைத்துக்கொண்டே இருக்கிறார்.