தோலிலிருந்து நஞ்சுக்கு: வடதமிழகத்து இருளர்களின் பாம்புத் தொழில் மாறிய வரலாறு

செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் புதர்க்காடுகளிலும் ஏரிக்கரைகளிலும் வாழும் இருளர்கள் மகுடி ஊதிப் பாம்பை ஆட்டுபவர்கள் அல்லர். வரப்போரத்தில் கிடக்கும் எச்சம், உரித்துப்போட்ட சட்டை, வளைவாயில் மண் தேய்ந்திருக்கும் விதம் இவற்றைக் கொண்டே உள்ளே இருப்பது நாகமா சாரையா, இருக்கிறதா போய்விட்டதா என்று கண்டு, கடப்பாரையால் தோண்டி எடுக்கும் வேட்டையர்கள். இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு ராஜஸ்தானின் பாம்பாட்டிகளான கால்பேலியாக்கள் பாம்பைக் கீழே வைத்துவிட்டுத் தங்கள் ஆட்டத்தையும் பாட்டையும் பிழைப்பாக்கிக்கொண்டார்கள். 2010இல் அந்தக் கலை யுனெஸ்கோவின் பட்டியலிலும் இடம்பெற்றது. மேடையேற்றிப் பிழைக்கும் வாய்ப்பு இருளர்களுக்கு இருக்கவில்லை. பாம்பைத் தேடிக் கண்டுபிடிக்கும் அறிவு மட்டுமே அவர்களிடம் இருந்தது.

காடு அதற்கு வெகுமுன்பே கைவிட்டுப் போயிருந்தது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளை ஒதுக்குக் காடுகளாக்கியபோது, கிழங்கும் தேனும் மூலிகையும் எடுத்து வாழ்ந்தவர்கள் அத்துமீறி நுழைபவர்களாக ஆனார்கள். இருபதாம் நூற்றாண்டில் சென்னையின் தோல் வணிகம் அவர்களைத் தேடி வந்தது. சாரை, நாகம், கண்ணாடி விரியன், மலைப்பாம்பு ஆகியவற்றின் தோல்கள் பதப்படுத்தப்பட்டு, கைப்பைக்கும் காலணிக்கும் இடுப்புவாருக்குமாக ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் வெளிநாடு சென்றன. வளைக்குள் கைவிட்டவருக்குக் கிடைத்தது மிகச் சொற்பம். லாபம் இடைத்தரகரோடும் ஏற்றுமதியாளரோடும் நின்றது.

1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. அந்தத் தடை வேண்டியதுதான். எலி தின்னும் சாரையை லட்சக்கணக்கில் கொன்றுவிட்டு நெல்வயலைக் காக்க முடியாது. ஆனால் வேட்டையை நிறுத்திய அரசு, வேட்டையாடியவர் நாளை எதைத் தின்பார் என்று கேட்கவில்லை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் அதே 1976இல்தான் வந்தது. இருந்தும் பல இருளர் குடும்பங்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் சவுக்குத் தோப்புகளிலும் முடங்கிப்போயின. அவர்களை மீட்கும் பணி பல பத்தாண்டுகள் கழித்தும் தொடர்ந்தது. தடைக்குப் பிறகான இருளர் வரலாற்றில் பெரும்பகுதி இதுதான். கூட்டுறவுச் சங்கத்தின் வெற்றியை மட்டும் சொல்லும் எழுத்துகள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன.

அந்தச் சங்கம் 1978இல் பதிவானது. சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கர், இருளர்களோடு வளை தோண்டித் திரிந்து அவர்களிடம் கற்றவர். அவருடைய முன்முயற்சியில் உருவானதே இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம். மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தில் அது இயங்குகிறது. சங்கம் தொழில் வணிகத் துறையின்கீழ் வருகிறது. பாம்பு பிடிக்க அனுமதி தருவது வனத்துறை.

பிடிப்பது நான்கு வகை மட்டுமே: நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்தியாவில் பாம்புக்கடியால் நேரும் சாவுகளில் பெரும்பாலானவற்றுக்கு இவையே காரணம். கொண்டுவந்த பாம்பை எடைபோட்டுப் பதிவுசெய்து, மணல் பரப்பிய மண்பானையில் விட்டு, பானையின் வாயைத் துணியால் கட்டிவைக்கிறார்கள். ஏறத்தாழ மூன்று வாரம் அது அங்கே இருக்கும். வாரம் ஒரு தடவை என்ற கணக்கில் நஞ்சு எடுக்கப்படும். அடிவயிற்றுச் செதிலில் சிறு அடையாள வெட்டு இட்டபின் மறுபடி காட்டில் விடுவார்கள். அந்த அடையாளத்தோடு அகப்படும் பாம்பைத் திரும்ப எடுப்பதில்லை. சுருட்டை விரியன் ஒரு தடவைக்குத் தருவது சில மில்லிகிராம் நஞ்சுதான்; ஒரு கிராம் சேர எத்தனை பாம்பு பிடிக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்கலாம். உறையவைத்து உலர்த்திய அந்தத் தூள் மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. அங்கே குதிரைகளுக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அவற்றின் குருதியிலிருந்து முறிமருந்து தயாரிக்கிறார்கள். கொன்றால்தான் காசு என்றிருந்த தொழில், உயிரோடு திருப்பி விட்டால்தான் காசு என்று ஆனது. பிடிக்கும் கையும் கண்ணும் மாறவில்லை. மாறியது பாம்பின் முடிவு. மாசிமகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் கூடிக் கன்னியம்மாவை வழிபடும் இவர்கள் நாகத்தை அந்த அம்மனோடு சேர்த்தே பார்ப்பவர்கள். அதைக் கொல்லாமல் பிழைக்க முடிந்தது அவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்!

இதே அறிவின் வேறு கிளைகளும் துளிர்த்தன. எலிவளை தோண்டுவதில் இருளர்களுக்கு இருந்த தேர்ச்சி 1980களில் பயிர்ப் பாதுகாப்புத் திட்டமாக முயன்று பார்க்கப்பட்டது. 1986இல் தொடங்கிய இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம், தண்டரையில் நாற்றங்கால் அமைத்து மூலிகைகளை வளர்க்கிறது. பெண்களின் மருந்தறிவு கூலி வேலைக்கு வெளியே ஒரு வருமானமாக ஆனது அங்கேதான்.

2017இல் புளோரிடாவில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் அழைக்கப்பட்டார்கள். முன்பின் பார்த்திராத சதுப்பு நிலத்தில், முதல் இரண்டு வாரத்துக்குள் பதின்மூன்று பாம்புகளைப் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

ஆனால் சங்கத்தில் உறுப்பினராக இருப்போர் சில நூறு பேர். 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்து இருளர்கள் ஏறத்தாழ 1,90,000. அனுமதி தாமதமானால் அந்தச் சில நூறு குடும்பங்களுக்கும் வருமானம் நின்றுபோகும். எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதும் அரசாணை சொல்வதுதான். பாம்புக்கடியால் இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறக்கிறார்கள் என்று 2020இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. அவர்களைக் காக்கும் மருந்துக்கு மூலப்பொருள் தருபவர்களின் பிழைப்பு, ஆண்டுதோறும் ஒரு கோப்பு நகர்வதை நம்பியிருப்பது நியாயமே இல்லை.

இப்போது இன்னொரு சிக்கலும் எழுந்திருக்கிறது. ஒரே இனப் பாம்பின் நஞ்சு இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. தமிழகத்து நஞ்சைக் கொண்டு செய்த மருந்து வேறு பகுதிகளில் சில கடிகளுக்குப் போதிய பலன் தருவதில்லை என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்தந்த வட்டாரத்து நஞ்சு வேண்டும் என்கிறார்கள் அறிவியலாளர்கள். அது சரியான கோரிக்கை. அதற்கான நிலையங்கள் பிற மாநிலங்களில் எழும்போது, பாம்பைக் காயப்படுத்தாமல் பிடித்து, வைத்திருந்து, விடுவதைச் சொல்லித்தர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதையே செய்துவரும் வடநெம்மேலிக்காரர்களை ஆசிரியர்களாக அமர்த்த வேண்டும், ஆசிரியருக்குரிய சம்பளத்தோடு.