தகரச் சீட்டும் கடவுச்சீட்டும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையாகிய படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையைச் சூழ்ந்த வயல்வெளிகளிலே, ஒருவரை வேலைக்கு அமர்த்துதற்கு எழுத்து நெடுங்காலம் வேண்டப்படவில்லை. போடியாரிடம் முல்லைக்காரராக அமர்ந்தவருக்குக் கூலி, சூடடித்த பின்னர் நெல்லாக அளக்கப்பட்டது. வாய்ச்சொல்லே உடன்படிக்கை, இன்னாருடைய பிள்ளை, இன்ன தாய்வழிக் குடி என்பதே அடையாளம். அங்குச் சுரண்டல் இருக்கவில்லை என்று கூறுவதற்கில்லை. ஆயின் தொழிலாளியைப் பிணிக்கும் ஆவணம் என ஒன்று இருக்கவில்லை.

அத்தகைய ஆவணத்தை மலையகத் தோட்டங்களுக்கு வந்த தமிழகத் தொழிலாளர் நன்கு அறிந்திருந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தகரச் சீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. தோட்டத்தின் குறியீடு பொறித்த சிறு தகட்டைத் தாங்கிவந்த தொழிலாளி, அதனைக் காட்டித் தோட்டம்வரை பயணஞ் செய்தார். பயணச் செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டுக் கங்காணிவழியே ஈற்றில் தொழிலாளியின் கடனாயிற்று. முதற்சம்பளம் பெறுமுன்பே அவர் கடனாளி. அவ்வடையாளச் சின்னம் அவர் யார் என்பதைக் காட்டிலும் எவருக்கு உரியவர் என்பதையே உரைத்தது எனலாம்.

தோட்டத்தை அடைந்ததும் அவர் பெயர் செக்றோலில் ஏறும். காலையிற் பெரட்டுக்களத்தில் வரவு பதியப்படும். ஒரு நாட் கூலிக்குத் தோட்டத் தமிழில் ‘பேர்’ என்றே வழக்கு. வேலை குறைந்தால் ‘அரைப்பேர்’. மனிதரின் பெயரும் சம்பளக் கணக்கும் ஒரே சொல்லாயின! வேறு தோட்டத்திற்குச் செல்லவேண்டின் ‘துண்டு’ தேவை. கடனைத் தீர்த்தால் தொழிலாளியை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதித்தரும் இச்சீட்டு, நடைமுறையில் ஆட்களைக் கடனோடு கைமாற்றும் கருவியாயிற்று. 1921ஆம் ஆண்டுச் சட்டமே இதனை ஒழித்தது.

இத்துணைப் பதிவுகளுக்கு உள்ளான மக்களிடமே, 1949இன் இந்திய பாக்கிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம், 1946 சனவரி முதலாந் திகதிக்கு முந்திய தொடர்ச்சியான வதிவுக்குச் சான்று கேட்டது: மணமானோர்க்கு ஏழு ஆண்டுகள், ஏனையோர்க்குப் பத்து. விண்ணப்பித்தோரிற் பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டனர். செக்றோல் தோட்டக் காரியாலயத்திற்கு உரியது. அதிற் பெயர் இருந்தோர்க்கு அது உரியதன்று. ஆவணம் எவர் கையில் இருந்தது என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

1970களின் பிற்பகுதி முதல் இலங்கையர் வளைகுடா நாடுகளுக்குப் பெருமளவிற் செல்லலாயினர். 1985இன் 21ஆம் இலக்கச் சட்டத்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைந்தது. போரினால் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த படுவான்கரை மக்களுக்குப் பயணத்தின் முதற்படியே கடினமானது. கடவுச்சீட்டுக்கு அடையாள அட்டை வேண்டும். அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். இடப்பெயர்விலே தாள்கள் தொலைந்தன.

அங்குச் சென்றபின் பழைய வினாவே மீண்டும் எழுகின்றது. தொழிலாளர் ‘அக்காமா’ என அழைக்கும் சவூதி வதிவிட அட்டையை எடுத்துக் கொடுக்கவேண்டியவர் முதலாளியே. அவர் தவறினால் சட்டவிரோதி ஆகுபவரோ தொழிலாளி. கடவுச்சீட்டை முதலாளி வாங்கிவைத்தலும் பரவலான வழக்கம். சம்பளத்தை வங்கிவழியே செலுத்திப் பதியும் முறையை ஐக்கிய அரபு இராச்சியம் 2009இலும், சவூதி அரேபியா 2013 முதற் படிப்படியாகவும் கொண்டுவந்தன. சம்பளப் பதிவு தொழிலாளிக்குச் சான்றாகப் பயன்படத் தொடங்கியது இங்கேதான். ஆயின் அதன் தொடக்கம் நிறுவன ஊழியரோடு நின்றது. வீட்டுப் பணிப்பெண்கள் புறத்தே விடப்பட்டனர்.

அப்பெண்களுக்கு இலங்கை அரசு 2013இல் வேறொரு தாளைச் சேர்த்தது. குடும்பப் பின்னணி அறிக்கை என்னும் அதன்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய் வீட்டுப் பணிக்குச் செல்ல இயலாது. 2022இல் அவ்வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. தந்தையரிடம் அத்தகைய அறிக்கை கேட்கப்படவில்லை.