கோமுகி அணையின் இரண்டடி



கரியாலூர் முதலிய மலையூர்களைத் தன்னகத்தே கொண்டது கல்வராயன் மலை. அங்கே மழை வலுத்தால் கல்படை, பொட்டியம் முதலிய ஓடைகள் பெருகி, அடிவாரத்தில் கச்சிராயபாளையத்தை அடுத்துள்ள கோமுகி அணைக்கு நீர் வருகிறது. 1965-ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற இவ்வணையின் முழு உயரம் 46 அடி. கொள்ளளவு ஏறத்தாழ 560 மில்லியன் கன அடி. மேட்டூர் அணையில் நூற்றறுபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இச்சிறிய அணையை முழுவதும் நிரம்ப விடுவதில்லை. 44 அடியை எட்டியதும், மேலும் வரும் நீரை ஆற்றில் திறந்துவிடுவர்.

அந்த இரண்டடியைப் பற்றியே பேச விரும்புகிறேன். பழைய பாசனம், புதிய பாசனம் இரண்டும் சேர்ந்து பதினாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் இவ்வணையை நம்பியுள்ளது. தேக்கம் மேலே செல்லச் செல்ல அகலும் ஆதலால், மேல் இரண்டடியில் அடங்கும் நீர் அடியிலுள்ள இரண்டடியைப் போன்றதன்று. அதைக் கண்ணெதிரே ஆற்றில் விடும்போது உழவர் மனம் வருந்துவது இயல்பே.

இங்கே ஒரு கணக்கு. (வாத்தியார் வழக்கம் எளிதில் விடுமா?) விநாடிக்கு 5,000 கன அடி நீர் வந்தால், வற்றிக் கிடக்கும் இவ்வணை நிரம்ப எத்தனை மணி நேரம் ஆகும்? வகுத்துப் பாருங்கள், முப்பத்தொரு மணி நேரந்தான்! முக்கால் பங்கு நிறைந்திருந்தாலோ, எட்டு மணி நேரம்கூட இல்லை. மாலையில் தொடங்கிய மலைமழை விடிவதற்குள் அணையை நிரப்பிவிடலாம். அந்த இரவுக்காகவே இரண்டடி ஒதுக்கப்படுகிறது. மலையில் பெய்த மழையளவும், அணையின் நீர்மட்டமும் உடனுக்குடன் தெரிந்தாலன்றி, மதகை எப்போது, எவ்வளவு உயர்த்துவது என்று எவரும் துணிய இயலாது.

நம் முன்னோர் இதை அறியாதவரல்லர். ஏரிக் கலிங்கின் மேல் வரிசையாகக் குத்துக்கற்களை நட்டனர். மழைக்காலம் கழியும் தறுவாயில் அவற்றினிடையே பலகையும் களிமண்ணும் கொண்டு அடைத்து, இன்னும் சில அங்குலம் நீரைத் தேக்கினர். முந்தி அடைத்தால் கரைக்கு ஆபத்து; பிந்தி அடைத்தால் பயிருக்குக் குறை. ஊர்ப்பூசல்கள் பல இந்தக் கற்களருகே பிறந்தவை! இத்தகைய பொறுப்பைத் தனிமனிதர் விருப்பத்துக்கு விடலாகாது என்று உணர்ந்ததனாற்போலும், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு ஆளைக் குடவோலையால் தேர்ந்த முறையை விரித்துரைக்கின்றன. எகிப்திலோ, 861-ஆம் ஆண்டில் கெய்ரோ நகரின் ரோடாத் தீவில் நைல் நதியின் ஏற்றத்தை அளக்கவே ஓர் அளவுத்தூண் நிறுவினர். அது காட்டிய முழக்கணக்கை நோக்கி ஆண்டு வரியையே விதித்தனர்.

இனி, கோமுகி விட்ட நீர் எங்கே போகிறது? மணிமுக்தாவோடு கலந்து, விருத்தாசலத்தைக் கடந்து, வெள்ளாற்றில் சேர்ந்து, பரங்கிப்பேட்டையருகே கடலை அடைகிறது. இடையில் அணைக்கட்டுகளும் ஏரிகளும் உள்ளன. ஏரிகளின் வரத்துக் கால்வாய்கள் தூர்வாரப்பட்டிருந்தால் அணையில் தேக்காத நீரின் ஒரு பகுதி அங்கே தேங்கும். தூர்ந்து கிடந்தால், அதே நீர் வயலை அழித்துவிட்டுக் கடலுக்குப் போகும்.